கொட்டிலில் நிற்கும் குதிரை

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் வடகரைக்கும் வெளியூர் வண்டிகள் வரத் தொடங்கும். அருவியில் நீராடியவர்கள் மேக்கரைப் பக்கம் அடவிநயினார் அணையையும் கண்டு செல்ல விரும்புவார்கள். சென்ற சாரல் காலத்தில் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், அவ்வாறு சென்ற வண்டிகளை நான் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பு என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வந்து ஸலாம் உரைத்து அமர்ந்தார். இருபது ஆண்டுகளாக ஷார்ஜாவில் பணிபுரிந்து, நல்ல நிலையில் இருப்பவர். விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தார்.

"ஹஜ்ரத், ஒரு பழைய கார் வாங்க எண்ணியிருக்கிறேன். இத்தாலியில் செய்தது, அறுபது வயதாகிறது. அதற்கு ஜகாத் உண்டா?" என்று கேட்டார்.

கேள்வி சிறியது, சட்ட நூல்கள் தரும் விடையும் சிறியதே. ஆயினும் அன்று எங்கள் உரையாடல் அந்த விடையோடு முடியவில்லை. இதை எழுதுவதற்கு அவர் இசைவு தந்திருக்கிறார். பெயரை மட்டும் தவிர்க்கிறேன்.

இத்தாலியக் கார் என்றதும் நமக்குத் தொடர்பில்லாத ஒன்று எனத் தோன்றலாம். அப்படியன்று. இத்தாலியின் ஃபியட் நிறுவனத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி பம்பாயின் பிரீமியர் நிறுவனம் உருவாக்கிய ஃபியட் 1100 தான், 1974 முதல் பத்மினி என்னும் பெயரோடு நம் சாலைகளில் ஓடியது. பம்பாயில் கறுப்பும் மஞ்சளுமாக ஓடிய வாடகைப் பத்மினிகள் 2023 அக்டோபரில்தான் விடைபெற்றன. இந்த மாணவரின் தந்தையார் தென்காசி ரயில் நிலையத்துக்கும் குற்றாலத்துக்கும் இடையே ஓட்டிய வாடகைக் காரும் ஒரு ஃபியட்தான். அதன் வருவாயில்தான் மூன்று பிள்ளைகள் வளர்ந்தார்கள். கடைசியில் அது பழைய இரும்பு விலைக்கு எடைபோட்டு விற்கப்பட்ட இரவு, அவர் தந்தையார் உணவு கொள்ளவில்லையாம். மகனுடைய ஆசை எங்கே வேர்விட்டது என்பது எனக்கு அப்போது விளங்கியது.

அவர் வாங்க விரும்பியதும் அதே குலத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அரண்மனைக் கிளை. இத்தாலியர் 'கிரான் துரிஸ்மோ' என்று வழங்கும் வகை. நெடும்பயணம் என்பது அதன் பொருள். இருவர் வசதியாக அமர்ந்து, பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு, ஆல்ப்ஸ் மலைகளைக் கடந்து நாடுவிட்டு நாடு விரைந்து செல்லத்தக்க, கூரை மூடிய கார். 1951 இல் லான்சியா நிறுவனம் வெளியிட்ட ஆரேலியா பி20 இவ்வகைக்கு முன்னோடி என்பர். ஆல்ஃபா ரோமியோ, மசெராட்டி, ஃபெராரி ஆகியவை அதன்பின் இத்துறையில் புகழ் பெற்றன. டிராக்டர் செய்து பொருளீட்டிய ஃபெரூச்சியோ லம்போர்கினியும் 1964 இல் 350 ஜிடி என்னும் காரோடு அந்த வரிசையில் சேர்ந்தார்.

இந்தக் கார்களின் வேலைப்பாட்டை நான் இகழமாட்டேன். மிலான் நகரின் டூரிங் பட்டறையில் மெல்லிய குழாய்களால் எலும்புக்கூடு கட்டி, அதன்மேல் அலுமினியத் தகட்டைக் கையால் தட்டி வளைத்துப் போர்த்தினார்கள். கைவேலையாதலால் ஒரு காரின் கதவு அதே வகையைச் சேர்ந்த இன்னொரு காருக்கு அப்படியே பொருந்துவதில்லை. நம் மாவட்டத்தை அடுத்த பத்தமடையில் நம் சகோதரிகள் கோரையை நூலாகக் கிழித்து நெய்யும் பாயைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். செய்வதைச் செம்மையாகச் செய்வதும் இஹ்ஸானே.

விலையோ வேறு கதை. ஃபெராரி 250 ஜிடிஓ என்னும் கார் 1962 முதல் 1964 வரை மொத்தம் 36 தான் செய்யப்பட்டது. புதிதாக இருந்தபோது அமெரிக்காவில் அதன் விலை சுமார் 18,000 டாலர். அவற்றுள் ஒன்று 2018 இல் ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 340 கோடி ரூபாய். என் மாணவர் கண் வைத்திருந்தது அத்தகையதன்று. ஓர் ஆல்ஃபா ரோமியோ. எனினும் அதன் விலைக்கு வடகரையில் நல்ல வீடு ஒன்று கட்டலாம்.

இனி ஜகாத்தைப் பார்ப்போம். சொந்தப் பயனுக்கென வைத்திருக்கும் வீடு, ஆடை, வாகனம் ஆகியவற்றுக்கு ஜகாத் இல்லை. விற்று இலாபம் பெறும் நிய்யத்தோடு வாங்கியிருந்தால் அது வணிகப் பொருள். ஆண்டு நிறைவில் சந்தை மதிப்பைக் கணக்கிட்டு நாற்பதில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். ஹனஃபி, ஷாஃபி ஆகிய இரு மத்ஹபுகளின் அறிஞர்களும் இதில் ஒரு நுட்பத்தைச் சொல்கிறார்கள். வணிகப் பொருளைச் சொந்தத்துக்கு வைத்துக்கொள்வதாக எண்ணினால் அந்த எண்ணமே போதும். அது வணிகத்திலிருந்து நீங்கிவிடும். சொந்தப் பொருளை விற்க வேண்டும் என்று எண்ணுவதால் மட்டும் அது வணிகப் பொருளாகிவிடாது. ஆகவே, ஆசைக்கு வாங்கி வைத்திருக்கும் காருக்கு, அதன் விலை ஏறும் என்ற நினைப்பு உள்ளூர இருந்தாலும், ஜகாத் இல்லை.

இதைக் கேட்டு அவர் முகம் மலர்ந்தது. எனக்கு அந்த மலர்ச்சிதான் கவலையளித்தது. சட்டம் கை வைக்காத இடமெல்லாம் கணக்கில்லாத இடம் என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் அங்கேதான் சட்டம் தன் பொறுப்பை நம் உள்ளத்திடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது.

"வாங்கினால் அதில் பயணம் போவாயா?" என்று கேட்டேன். பெரும்பாலும் கொட்டகையில்தான் நிற்கும் என்றார். நம் நாட்டுச் சட்டமும் அதையே சொல்கிறது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, பழைய உருவம் மாறாதிருக்கும் வண்டிகளுக்கென 2021 இல் ஒன்றிய அரசு தனி விதிகள் வகுத்தது. எண்பலகையில் 'விஏ' என்ற குறி இருக்கும்; பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும். கண்காட்சிக்கும் பழைய கார் அணிவகுப்புக்கும் செல்லலாம். பழுது பார்க்கவும் எரிபொருள் நிரப்பவும் ஓட்டலாம். அன்றாடப் பயனுக்கோ வாடகைக்கோ ஓட்டலாகாது. நெடும்பயணம் என்று பெயர் சூட்டப்பெற்ற வண்டிக்குப் பயணம் விலக்கப்பட்டுவிட்டது!

அது நிற்பதாலும் கெடுகிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகிறது. ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்கின்றன. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஒரே இடத்தில் நின்று டயர்கள் தட்டையாகின்றன. எனவே உரியவர் அதற்குப் பணிவிடை செய்துகொண்டே இருக்க வேண்டும். ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவன் ஒட்டகத்துக்குத் தீனி போடுவதிலும் அதை அழகுபடுத்துவதிலும் மூழ்கிக் கிடக்க, கூட்டம் அவனைப் பாலையில் விட்டுவிட்டுப் போய்விடுகிறது என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ஓர் உவமை சொல்வார்கள். உடலுக்காகச் சொன்ன அந்த உவமை, உடைமைக்கும் பொருந்தும்.

ஃபெராரியின் சின்னம் துள்ளும் குதிரை. குதிரையை வைத்தே நாயகம் (ஸல்) அவர்கள் உடைமையை மூன்றாக வகுத்திருக்கிறார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் அந்த நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. ஒருவருக்கு அவருடைய குதிரை நன்மை, இன்னொருவருக்குத் திரை, வேறொருவருக்குச் சுமை. இறைவழியில் வைத்திருப்பவருக்கு அது மேயும் புல்லும் நன்மையாகிறது. பிறரிடம் கையேந்தாமல் வாழ்வதற்கென வைத்து, அதன் மீதுள்ள இறைவனின் உரிமையையும் மறவாதவருக்கு அது வறுமையை மறைக்கும் திரை. பெருமைக்கும் காட்சிக்கும் வைத்திருப்பவருக்கு அது சுமை. பின்னர்க் கழுதைகளைப் பற்றித் தோழர்கள் வினவியபோது, தனிக்கட்டளை ஏதும் இறங்கவில்லை என்று கூறி, அணுவளவு நன்மையும் தீமையும் கண்முன் வரும் என்னும் திருவசனத்தையே நாயகம் (ஸல்) நினைவூட்டினார்கள். காருக்கும் தனிக்கட்டளை இல்லை. அந்த வசனம் இருக்கிறது.

தந்தையாரின் ஃபியட் இரண்டாம் வகை என்பதில் எங்கள் இருவருக்கும் ஐயமில்லை. "நான் பெருமைக்காகக் கேட்கவில்லை ஹஜ்ரத், அழகுக்காகத்தான்" என்றார். நான் சுலைமான் நபி (அலை) அவர்களின் வரலாற்றை நினைவுபடுத்தினேன். மாலைப் பொழுதில் உயர்குலக் குதிரைகள் அவர்கள் முன் காட்டப்பெற்றன. பார்வை அவற்றில் ஈடுபட்டிருக்க, திரைக்கப்பால் மறைவு நிகழ்ந்தது. பின் அவற்றைத் திரும்பக் கொணரச் செய்து, கால்களிலும் கழுத்துகளிலும் கை வைத்தார்கள். மறைந்தது சூரியன், தவறியது இறைவணக்கம் என்றும், அதனால் குதிரைகளை அறுத்துவிட்டார்கள் என்றும் விரிவுரையாளர் பலர் கூறுவர். அன்போடு தடவிக் கொடுத்தார்கள் என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் விளக்கம். இமாம் தபரீ அதையே ஏற்கிறார். அழகிய பொருளின் மீது அன்பு வைப்பது குற்றமன்று என்பதற்கு இந்த விளக்கத்தில் இடமுண்டு. ஆயினும், நீ குதிரையைப் பார்த்துக்கொண்டிருக்கையில் உன் முதுகுக்குப் பின்னால் மறைவது எது என்னும் கேள்வியிலிருந்து நாம் தப்ப முடியாது.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அங்கே பழைய கார் சேர்ப்பவர்கள் தங்களை உரிமையாளர் என்று சொல்லிக்கொள்வதில்லை, அடுத்தவர் கைக்குப் போகும்வரை பாதுகாப்பவர் என்றே சொல்கிறார்கள்" என்றார்.

உயர்ந்த சொல்தான். நம் மொழியில் அது அமானத். ஈரான் மன்னராயிருந்த முகம்மது ரஸா பஹ்லவி, தமக்கென ஒரு கார் செய்யச் சொல்லி மசெராட்டி நிறுவனத்துக்குக் கட்டளை தந்தார். 1959 இல் பிறந்த அந்த 5000 ஜிடி வகையில் மொத்தம் 34 கார்கள் செய்யப்பட்டன. மன்னர் 1979 இல் அரியணை இழந்தார். 1980 இல் வேற்று மண்ணில், எகிப்தில் இறந்தார். அந்த வகைக் கார்களைச் சேர்ப்போர் இன்றும் தேடுகிறார்கள். மனிதன் போகிறான், பொருள் நிற்கிறது. நாம் சேர்ப்பதெல்லாம் எவரோ ஒருவருக்கு வாரிசுச் சொத்து.

'வாரிசு' என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததும் எனக்கே ஒன்று நினைவுக்கு வந்தது. "தம்பி, உன் தந்தையாரின் வீடும் வயலும் பங்கு பிரித்தாயிற்றா?" என்று கேட்டேன்.

தலை குனிந்தார். தந்தையார் மறைந்து ஒன்பது ஆண்டுகள். தாயார் இருக்கிறார், சகோதரிகள் இருவர். "அவர்கள் கேட்கவில்லையே ஹஜ்ரத்" என்றார்.

நம் ஊர்களில் எத்தனை வீடுகளில் ஒலிக்கும் சொல் இது! சகோதரி கேட்டால் உறவு போய்விடும் என்று அஞ்சி வாய் மூடியிருக்கிறாள். அந்த மௌனத்தையே விட்டுக்கொடுத்தலாக நாம் எழுதிக்கொள்கிறோம். திருமறை வகுத்த பங்கு, கேட்டால் மட்டும் தரும் தானமன்று. கேளாமலே கொடுத்தாக வேண்டிய அமானத். கடன் போக எஞ்சிய சொத்தை 32 பங்காக்கினால் தாயாருக்கு 4, மகனுக்கு 14, சகோதரிகள் ஒவ்வொருவருக்கும் 7. விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். இத்தாலியில் எவரோ தட்டிய தகட்டுக்குப் பாதுகாவலராக விரும்பியவர், தந்தையார் ஃபியட் ஓட்டி வாங்கிய வயலுக்குப் பாதுகாவலராக இருக்க மறந்திருந்தார்.

எங்கள் ஊரில் பொழுது சீக்கிரம் மறையும். மேற்கே மலை நிற்கிறது. மஃக்ரிபு பாங்கு ஒலித்தது. இருவரும் எழுந்தோம்.

இரண்டு மாதம் கழித்து ஷார்ஜாவிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். கிணற்றையும் பாதையையும் எவ்வாறு பங்கிடுவது என்று கேட்டார், சொன்னேன். காரைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பங்குகள் உரியவர்களிடம் சேர்ந்தபின், மிஞ்சிய தம் பொருளில், வீண்விரயமின்றி அவர் அதை வாங்கினாலும் நான் தடுக்க மாட்டேன்.

அன்றிரவு என் அலமாரியைத் திறந்தேன். என் ஆசிரியர் தந்த அரபுத்தமிழ்க் கையெழுத்து ஏடுகள் சில அதில் இருக்கின்றன. கிழிந்துவிடும் என்று அஞ்சி, கேட்டு வந்த மாணவர்களைப் பல முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். பூச்சி மட்டும் என் அனுமதி கேளாமல் உள்ளே சென்றிருந்தது. என் கொட்டிலிலும் குதிரை நின்றுகொண்டுதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் அந்த ஏடுகளைத் திண்ணையில் விரித்து வைக்கிறேன். ஓத விரும்புவோர் வரலாம்.