போதும் என்று சொல்லும் புரதம்

இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பாருங்கள். கருவில் மொட்டு விட்ட நாளிலிருந்து இரண்டும் தனித்தனியாகத்தான் வளர்ந்தன. 'நீ எவ்வளவு வளர்ந்திருக்கே?' என்று ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. இருந்தும் கிட்டத்தட்ட ஒரே நீளத்தில் நின்றுவிட்டன. (ரெடிமேட் சட்டைக்காரர்கள் நன்றி சொல்ல வேண்டும்.) வளர்வதைவிட, சரியான இடத்தில் நிறுத்துவது கஷ்டமான காரியம்.

இதைக் கவனிக்கும் ஆசாமிகளில் ஒருவர் பெயர் எஃப்.ஜி.எஃப்.ஆர்-3. பாதி வெளியிலும் பாதி உள்ளேயுமாக, செல்லின் உறையில் குத்தி நிற்கும் புரதம். வாசல் காலிங் பெல் மாதிரி. வெளியே பட்டன், உள்ளே மணி. வளர்ச்சிப் புரதம் வந்து அழுத்தினால் உள்ளே சேதி போகும். என்ன சேதி என்பது வீட்டைப் பொறுத்தது. வளரும் எலும்பின் குருத்தெலும்பு செல்களில் அது 'போதும்'. பந்தியில் இலைக்கு மேல் கையைக் குறுக்கே வைப்போமே, அது. 1996-ல் இந்தப் புரதமே இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். எலும்புகள் அளவுக்கு மீறி நீண்டன.

பட்டன் மாட்டிக்கொண்டால்? விரலை எடுத்த பிறகும் மணி அடிக்கும். 300 கோடி எழுத்துள்ள மரபுப் புத்தகத்தில் ஒரே ஓர் எழுத்துப் பிழை; அதனால் இந்தப் புரதத்தின் 380-வது இடத்தில் கிளைசினுக்குப் பதில் ஆர்ஜினைன் உட்கார்ந்துவிடுகிறது. அவ்வளவுதான். கருவிலேயே கை, கால் எலும்புகள் பின்தங்க ஆரம்பிக்கின்றன. அக்கான்ட்ரோபிளேசியா என்று பெயர். காரணம் தெரிந்தது 1994-ல். வளர்ந்த ஆணின் சராசரி உயரம் சுமார் 131 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 124. புத்தியில் ஒரு குறையும் இல்லை.

ஐந்தில் நான்கு பேர் சாதாரண உயரமுள்ள பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள். உடனே சொந்தக்காரர்கள் அம்மாவைப் பார்ப்பார்கள். 'வயித்துல இருக்கறப்ப என்னத்தைச் சாப்பிட்டே?' 'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்தில்கூட கர்ப்பிணி அம்மாவுக்குக் கொடுத்த விஷம்தான் காரணம். நிஜத்தில் இந்தப் புதுப் பிழை அப்பாவின் விந்தணு வழியாக வருகிறது என்று 1998-ல் காட்டினார்கள். வயசாக ஆக வாய்ப்பு கூடும். எலும்பில் 'நிறுத்து' என்கிற அதே பிழை, விந்தணுவை உண்டாக்கும் செல்லில் 'பெருகு' என்கிறது! அதற்காக அப்பாவைத் திட்டக் கிளம்பாதீர்கள். அவரும் தெரிந்து செய்யவில்லை.

2021-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வோசோரிடைட் என்ற ஊசிக்கு அனுமதி கிடைத்தது. வேறொரு வாசல் வழியாகச் சேதி அனுப்பி, மணிச் சத்தத்தைக் குறைக்கிறது. 121 பிள்ளைகளிடம் நடந்த சோதனையில், ஊசி போட்டவர்கள் வருஷத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் சொச்சம் கூடுதலாக வளர்ந்தார்கள். தினம் ஓர் ஊசி. எலும்பு முனையில் உள்ள வளர்ச்சித் தட்டு மூடும்வரைதான் பலன்.

எனக்கு இடிப்பது இங்கேதான். 'வேணுமா, வேண்டாமா' என்று யோசித்துச் சொல்கிற வயசு வரும்போது தட்டு மூடியிருக்கும். ஆகவே பெற்றோர்தான் தீர்மானிக்க வேண்டும். தடுப்பூசியையும் ஸ்கூலையும் பிள்ளையைக் கேட்டா முடிவு செய்கிறோம் என்பீர்கள். நியாயம். ஆனால் தினம் காலையில் குத்துகிற ஊசி, 'நீ இப்படி இருப்பது சரியில்லை' என்று பிள்ளையிடம் சொல்லிக்கொண்டே இருக்காதா? அமெரிக்காவில் 1957-லேயே சங்கம் வைத்துக்கொண்டவர்கள் இவர்கள். 'எங்களை ஏன் நீட்டுகிறீர்கள், கவுண்டர்களைத் தாழ்த்துங்கள்' என்று கேட்பவர்கள் உண்டு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சிலருக்குக் குழந்தைப் பருவத்திலேயே மண்டை ஓட்டின் அடித் துவாரம் குறுகி, மூளைத்தண்டை நெருக்கும். பின்னாளில் முதுகுத்தண்டு அழுந்திக் கால் மரத்துப்போகும். இதையெல்லாம் ஊசி தடுக்கும் என்று உறுதியானால் நான் சட்டென்று 'போடுங்கள்' என்பேன். 'நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?' என்பதற்காக என்றால் தயங்குவேன். ஐந்தரை அடி உள்ளவனுக்குத் தயங்குவது சுலபம் என்பதும் தெரிகிறது.

கொஞ்ச நாள் முன்பு ஓர் ஏ.டி.எம்.மில் எனக்கு முன்னால் ஒருவர் நின்றிருந்தார். நாலடிகூட இருக்கமாட்டார். மெஷினை நல்ல உயரத்தில் வைத்திருந்தார்கள். திரும்பிப் பார்த்து, கார்டை என்னிடம் நீட்டினார். "சார், கொஞ்சம் அமுக்கறீங்களா?" முன்பின் தெரியாத என்னிடம் நாலு இலக்க ரகசிய எண்ணைச் சொன்னார். அழுத்தினேன். பணம் வந்தது. எனக்குக் கூச்சமாக இருந்தது.

"முதல்ல நம்பரை மாத்திடுங்க" என்றேன்.

"மாத்தறதுக்கும் யாராவது அமுக்கணுமே சார்" என்று சிரித்தார்.