பிரசவத் தீட்டும் நம் ஆண்களும்

எங்க ஆயா மருத்துவச்சி. ஊர்த்தெருவில் யாருக்கு இடுப்புவலி கண்டாலும், ராத்திரி பகல் பார்க்காமல் சேரிக்கு ஆள் வரும். கொல்லைப்பக்கமாகக் கூட்டிப்போவார்கள். பிள்ளை எடுப்பது, தொப்புள்கொடி அறுப்பது, நஞ்சுக்கொடியைக் குழிதோண்டிப் புதைப்பது, ரத்தத்துணி அலசுவது எல்லாம் ஆயா வேலை. கூலி ஒரு மரக்கால் நெல்லு, ஒரு பழைய புடவை. வந்த வழியிலேயே திரும்ப வேண்டும். ஆயா கையில் பிறந்த பிள்ளையே பத்து வயசில் ஆயாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ‘எட்டி நில்லு’ என்று சொல்லும்.

இதைப் பல மேடைகளில் பேசியிருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். ஆனால் இந்தக் கதையில் பேசாமல் விட்ட பாதி ஒன்று உண்டு.

அந்த ஆயாவின் மகன், அதாவது எங்க அப்பா, அம்மா பிள்ளை பெற்றபோதெல்லாம் பதினாறு நாள் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கமாட்டார். சாவடியில் படுத்துக்கொள்வார். அம்மா கையால் தண்ணிகூட வாங்கமாட்டார். தீட்டு. ஊர்த்தெரு அவரைப் பார்த்து எட்டி நில்லு என்றது. அவர் அம்மாவைப் பார்த்து எட்டி நில்லு என்றார். இரண்டும் ஒரே வார்த்தைதான். முதலாவதற்குத் தீண்டாமை என்று பேர் வைத்துப் போராடினோம். இரண்டாவதற்கு வழக்கம் என்று பேர் வைத்துக்கொண்டோம்.

அப்பா படிக்காதவர். படித்த நான் என்ன செய்தேன்?

1991, அம்பேத்கர் நூற்றாண்டு. ஊர் ஊராகக் கூட்டம். என் மனைவிக்கு இரண்டாவது பிரசவம். ஏழாம் மாசம்வரை நடவுக்குப் போனாள். ரத்தம் கம்மியா இருக்கு, கீரை சாப்பிடு, மாத்திரை போடு என்று நர்சம்மா அவளிடம்தான் சொன்னார். எனக்குத் தெரியாது. கேட்டால்தானே தெரியும்? வீட்டுக்கு வரும் தோழர்களுக்கெல்லாம் சோறு போட்டுவிட்டு, அடிச்சட்டியை வழித்து அவள் கடைசியாகச் சாப்பிடுவாள். அந்த நேரத்தில் திண்ணையில் நாங்கள் சமத்துவம் பேசிக்கொண்டிருப்போம்.

வலி வந்த ராத்திரி நான் பக்கத்து ஊர்க் கூட்டத்தில் இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை பிறந்து, ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்பாடு பண்ணச் சொன்னார்கள். வாசலில் ஆம்பளைங்க ஏழு பேர் நின்றோம். போலீஸ் தடியடிக்கு ஓடாதவர்கள். ‘ரத்தம் குடுத்தா அப்புறம் மண்வெட்டி பிடிக்க முடியாதுடா’ என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் தரையைப் பார்த்தோம். நானும்தான். என் மச்சான், கல்லூரியில் படித்த பையன், சட்டைக்கையை மடித்துக்கொண்டு முதலில் உள்ளே போனான். வெட்கத்தில் பின்னால் போனவன் நான். அவள் பிழைத்தாள்.

இந்தியாவில் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ரத்தசோகை உள்ளவள், மற்றவள் தாங்குகிற ரத்தப்போக்கைக்கூடத் தாங்கமாட்டாள். அவள் தட்டில் கடைசியாக என்ன விழுகிறது என்பது உயிர்ப் பிரச்சினை.

அடுத்தது கருத்தடை. ‘ரெண்டோட போதும்’ என்றாள். எடுத்த எடுப்பில் ஆபரேஷன் அவளுக்குத்தான் என்று முடிவானது. ஆம்பளைக்குப் பண்ணினால் பலம் போய்விடும் என்றேன். பொய். ஆண்களுக்குத் தையல் இல்லாத சிகிச்சை உண்டு, அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். ரத்தம் இழந்து எழுந்தவள் வயிற்றைத்தான் மறுபடி கிழித்தார்கள். அதே கணக்கெடுப்பில், மணமான பெண்களில் அறுவை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு 37.9. கணவன் செய்துகொண்டது 0.3. நான் தனியாள் இல்லை என்பதில் ஆறுதல் எதுவுமில்லை.

அம்பேத்கரும் ரமாபாயும் பெற்ற 5 பிள்ளைகளில் 4 பேரைப் பறிகொடுத்தவர்கள். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைப் பெண்களின் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். 1938இல் அவர் கட்சி அங்கே கருத்தடைத் தீர்மானம் கொண்டுவந்து தோற்றது. கருத்தடையைக் குடும்பப் பொருளாதாரத்துக்காகக் கேட்காமல் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்டவர் பெரியார். இவர்கள் சட்டமன்றத்துக்கும் மேடைக்கும் கொண்டுவந்ததை நாம் ‘பொம்பளைங்க சமாச்சாரம்’ என்று அடுப்பங்கரைக்கே திருப்பி அனுப்பிவிட்டோம்.

‘ஆஸ்பத்திரியில நம்மள உள்ளே விடுறதில்லையே’ என்பார்கள். உண்மைதான். பிரசவத்துக்குத் துணை ஆள் வைத்துக்கொள்ள மத்திய அரசு 2016இல் அனுமதித்தபோதும் அது பெண் துணைக்குத்தான். மறைவு வசதி இருக்கிற இடத்தில்தான் கணவன். காசு கட்டினால் தனி அறை, அங்கே கணவன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். நம்ம ஆள் கேட்டில் வாட்ச்மேனிடம் திட்டு வாங்குகிறான். அந்த அவமானத்தை நான் மறைக்கவில்லை. அதற்கும் போராட வேண்டும். ஆனால் அந்தக் கேட்டில் நிற்பது சில மணி நேரம். மீதி ஒன்பது மாசம் அவள் நம் வீட்டில் இருக்கிறாள். அங்கே நம்மை யார் தடுத்தது?

இன்னொன்றும் உண்டு. ஆண்கள் பங்கெடுக்க வேண்டும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். எந்தப் பங்கு? எங்கே பிரசவம், எத்தனை பிள்ளை என்று தீர்மானிப்பதில் ஆண் எப்போதும் இருக்கிறான். பேறுகால உதவிப்பணம் அவள் கணக்கில் ஏறுகிறது. ஏடிஎம் கார்டு அவன் சட்டைப்பையில் இருப்பதை எங்க காலனியிலேயே பார்த்திருக்கிறேன். இதுவும் பங்கென்றால் அந்தப் பங்கு வேண்டாம். தீர்மானம் அவளுடையதாக இருக்கட்டும். நமக்குத் தண்ணி தூக்க, சோறாக்க, ரத்தம் கொடுக்க, நம் உடம்பில் கத்தி வாங்க வேலை கிடக்கிறது.

என் மகள் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது, மருமகன் வந்து பத்து நாள் தங்கினார். குழாயடியில் உட்கார்ந்து அவளுடைய துணியை அலசினார். தெருவே சிரித்தது. எனக்கும் உள்ளுக்குள் கூசியது, ஒன்றும் பேசவில்லை. என் மனைவிதான் கேட்டாள்:

‘இதுல இன்னாடி சிரிப்பு? இவங்க ஆயா ஊர்த்தெருவுல அலசாத ரத்தத்துணியா? அப்ப எவளும் சிரிக்கலையே. சொந்தப் பொண்டாட்டி துணின்னாதான் சிரிப்பு வருதா?’

அவள் கேட்டது குழாயடிப் பெண்களை. பதில் சொல்ல வேண்டியவன், அன்றைக்கும் வாய்மூடி நின்ற நான்.