வெட்டிவேர்ப் பானை: கோடைக் குறிப்புகள்

மாசி

நாட்டு மருந்துக் கடையிலிருந்து ஒரு பிடி வெட்டிவேர் வந்திருக்கிறது. மண் போகும்வரை நாலைந்து தண்ணீரில் அலசி, ஒரு பகல் வெயிலில் காயவைத்தேன். மெல்லிய வெள்ளைத் துணியில் தளர்வாக முடிந்து, காய்ச்சி ஆறிய நீர் நிறைந்த மண்பானையில் போட்டாயிற்று. இனி விடியும்வரை அதைத் தொட வேண்டாம்.

இந்த வேரை அவசரப்படுத்த முடியாது. அதன் வாசனை எண்ணெய் கனமானது. நீரில் அரிதாகவே கரையும். இரவு முழுதும் ஊறி, காலையில் தொண்டைக்குள் இறங்கும்போதுதான் மணம் தெரிகிறது. எடுத்து வெயிலில் உலர்த்தினால் மறுநாளும் தரும், அதற்கடுத்த நாளும் தரும். வழவழப்பு தட்டினாலோ மக்கிய வாடை அடித்தாலோ எறிந்துவிட வேண்டும்.

நன்னாரிக்கு வேறு பக்குவம். அதன் மணமெல்லாம் மேல்தோலில் இருக்கிறது. வேரை லேசாகத் தட்டி, நடுவில் இருக்கும் கட்டை நரம்பை நீக்கிவிட்டுத் தோலை மட்டும் ஊறவைக்கிறேன். சர்பத் கடைச் சாயமும் சர்க்கரையும் இல்லாமல் நன்னாரியைக் குடித்தவர்களுக்கு அது எவ்வளவு மென்மையானது என்று தெரியும்.

பங்குனி

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போய்வந்தேன். 1010-இல் முடிந்த கோயில். அதன் கல்வெட்டுகளில் என்னை விடாமல் பிடித்து வைத்திருப்பவை பொன்னும் முத்துமல்ல. இறைவன் நீராடும் தண்ணீரில் இடுவதற்கு ஏலவரிசியும் செண்பக மொட்டும் இலாமிச்சம் வேரும் வேண்டும் என்று எழுதி, அதற்குப் பணம் ஒதுக்கிய வரிகள்.

ஏற்பாடு இப்படி: கோயில் பண்டாரத்துக் காசை ஊர்ச்சபைகள் பெற்றுக்கொள்ளும். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை, அதாவது வட்டி. இன்றைய கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை. முதல் அப்படியே நிற்கும். பொலிசையில் ஏலமும் மொட்டும் வேரும் வரும். சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்பது சோழர் கால அறக்கட்டளைகளின் வழக்கமான கெடு.

காலையில் இட்ட மணம் மாலைக்குள் போய்விடும். அதற்காகவே கல்லில் வெட்ட வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். நகையை ஒருமுறை கொடுத்தால் போதும். மணமுள்ள தண்ணீரை ஒருமுறை கொடுத்து முடிக்க முடியாது, நாளைக்கும் யாராவது ஊறவைத்தாக வேண்டும். வெயிலில் உலரும் வேர்முடிச்சைப் பார்க்கும்போது அந்த முதலும் பொலிசையும்தான் நினைவுக்கு வருகின்றன: முதல் குறையாமல், அன்றன்றைக்கு உள்ளதை மட்டும் எடுத்துக்கொள்வது.

ஒரு விவரம். இலாமிச்சை வேறு, வெட்டிவேர் வேறு. வெட்டிவேர் ஒரு புல். இலாமிச்சை துளசிக் குடும்பத்துச் செடி, 1941-இல்தான் கே. சி. ஜேக்கப் அதற்குத் தாவரவியல் பெயர் சூட்டினார். காட்டில் தானாக வளர்வதாகப் பதிவில்லை, ஆற்றோர மணலில் பயிரிடுவோர் கையில்தான் அது பிழைத்திருக்கிறது. ஆற்றுப்படுகை மணலை அள்ளித் தீர்க்கும்போது இப்படிப்பட்ட செடிகளின் கணக்கை யாரும் கேட்பதில்லை என்பது எனக்குத் தாங்காத வருத்தம்.

சித்திரை

பெருமாள் கோயில் தீர்த்தம் உள்ளங்கையில் விழுந்தது. துளசி, ஏலம், பச்சைக் கற்பூரம். ஒரு பாத்திர நீருக்குக் கற்பூரம் கடுகளவுதான். கூடினால் கசந்துபோகும்.

வீட்டில் பழங்களை வைத்துப் பார்க்கும் பருவம் இது. எலுமிச்சையை வட்டமாக அரிந்து, விதை எடுத்துவிட்டுப் போட்டால் ஒரு மணி நேரம் போதும். அதற்குமேல் கிடந்தால் வெள்ளைத்தோலின் கசப்பு இறங்கிவிடும். செம்புக் குடத்தில் எலுமிச்சை கூடாது. புளிப்பு செம்பைக் கரைக்கும். கண்ணாடியோ மண்ணோ நல்லது. வெள்ளரிப்பிஞ்சு மணத்தைவிடக் குளுமையைத்தான் தருகிறது. புதினாவை நசுக்க வேண்டாம், உள்ளங்கையில் ஒருமுறை தட்டிப் போட்டால் போதும். எனக்கு மிகவும் பிடித்தது நாரத்தை இலை. இளம் இலை இரண்டை நடுநரம்பு நீக்கிக் கிழித்துப் போட்டால், பழமே இல்லாமல் பழத்தின் மணம்.

பழம் போட்ட நீர் தஞ்சாவூர் வெயிலில் தாங்காது. காலையில் போட்டது மதியத்துக்குள் புளிக்கத் தொடங்கும். சிறிது சிறிதாகச் செய்து அப்போதே குடித்துவிடுவதே நல்லது.

இந்தத் தண்ணீர் உடம்பின் நச்சை வெளியேற்றும் என்று பலர் சொல்கிறார்கள். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. மணமிருந்தால் ஒரு டம்ளர் கூடுதலாகக் குடிக்கிறோம். நாற்றங்காலிலும் களத்திலும் வெயிலில் நிற்பவர்களுக்கு அந்த ஒரு டம்ளர் சின்ன விஷயமில்லை.

வைகாசி

திருவையாற்றிலிருந்து திங்களூர் தொலைவில்லை. இன்று சந்திரனை வணங்க வருபவர்களால் பேர்பெற்ற ஊர். எனக்கு அது அப்பூதியடிகளின் ஊர். திருநாவுக்கரசரை நேரில் பாராமலே, அவர் பேரில் அங்கே தண்ணீர்ப்பந்தல் வைத்தவர் அவர். வழியில் வந்த நாவுக்கரசர் பந்தலில் தம் பேர் இருப்பதைப் பார்த்து, வைத்தவர் யாரென்று விசாரித்ததாகச் சேக்கிழார் பாடியிருக்கிறார். உம் பேரை வைக்காமல் ஏன் வேறொருவர் பேரை வைத்தீர் என்று அவர் கேட்ட கேள்வியில் அப்பூதியடிகளுக்குக் கோபமே வந்துவிடுகிறது.

பந்தல் வைத்தவருக்கு அந்த வழியில் யார் வருவார் என்று தெரியாது. தாகத்தோடு வருகிறவர் யாராயிருந்தாலும் சரிதான். வீட்டுக்கு உள்ளே எனக்காக மட்டும் ஊறும் பானையை நினைத்தபோது மனம் ஒப்பவில்லை.

எங்கள் தெருவழியாகத்தான் குறுவை நாற்றங்காலுக்கு ஆட்கள் போகிறார்கள். வாசல் வேப்பமரத்தடியில் ஒரு பானை வைக்கலாம். யார் யார் குடிப்பார்களோ, அதனால் பழமும் வேண்டாம், வெல்லமும் வேண்டாம். காய்ச்சி ஆறிய நீரும் வெட்டிவேரும் போதும். பலர் கை படும் இடத்தில் டம்ளரை முக்கி மொள்வது ஆகாது. குழாய் வைத்த மண்பானை, மூடி, கழுவ எளிதான எவர்சில்வர் டம்ளர்கள் நாலு. புதுப்பானையை இரண்டு நாள் நீரூற்றிப் பழக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வாங்கிவிட்டால் அடுத்த வாரம் வைத்துவிடலாம்.