வேகம் யாருக்காக?

ஒரு கருவி நல்லதா கெட்டதா? "கத்தி மேல என்ன தப்பு? பிடிக்கிற கையிலதான் தப்பு"ன்னு சட்டுன்னு சொல்லிடுவோம். சூப்பர் கம்ப்யூட்டருக்கு அந்தப் பதில் போதுமா?

1976இல் செய்மோர் கிரே வடிவமைத்த கிரே-1 வந்தது. கம்பி நீண்டால் சிக்னல் போய்ச்சேரத் தாமதமாகும். அதனால் இயந்திரத்தையே 'சி' எழுத்து மாதிரி வளைத்தார். முதல் இயந்திரம் போன இடம், அணுகுண்டு பிறந்த லாஸ் அலமோஸ். 1978இல் இங்கிலாந்திலுள்ள ஐரோப்பிய வானிலை மையத்துக்கும் ஒன்று போனது. ஒரே வடிவம்தான். அங்கே குண்டு, இங்கே மழை.

பிறகு வடிவமைப்பு மாறியது. ஒரே பெரிய மூளைக்குப் பதிலாக ஆயிரக்கணக்கான சாதாரண சிப்புகளை இணைத்தார்கள். அப்படி உருவான ஆஸ்கி ரெட், 1996இல் வினாடிக்கு ஒரு லட்சம் கோடிக் கணக்குகளைத் தாண்டியது. 2022இல் ஃபிரான்டியர் அதைவிடப் பத்து லட்சம் மடங்கு வேகத்தை எட்டியது.

ஆஸ்கி ரெட் எதற்கு? அமெரிக்கா 1992இல் அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தியது. வெடிக்காமலேயே குண்டுகளைக் கணக்குப்போட்டுப் பார்க்கத்தான் அது. பூமியைப் பிளப்பதைவிட இது மேல்தானே? மேல்தான். ஆனா குண்டு இன்னும் வேலை செய்யும்ங்கிற நம்பிக்கையைக் காப்பாத்துவதும் இதே கணக்குதான். நல்லதும் கெட்டதும் இங்கே பிரிக்க முடியாம பின்னிக் கிடக்கு. 2020இல் ஜப்பானின் ஃபுகாக்கு, இருமும்போது எச்சில் துளிகள் எப்படிப் பரவும் என்று கணக்கிட்டது. அதுவும் சூப்பர் கம்ப்யூட்டர்தான்.

கத்தி உவமை இங்கேதான் இடிக்குது. கத்தியை நீங்களும் நானும் பிடிக்கலாம். ஃபிரான்டியருக்கோ ஏறக்குறைய 20 மெகாவாட் மின்சாரம் வேண்டும். அந்தக் 'கை' அரசாங்கத்துடையது, இல்லாட்டி பெரிய நிறுவனத்துடையது.

கணக்குப் போடுவதைவிடத் தரவை இங்கிருந்து அங்கே நகர்த்தத்தான் இப்போது அதிக மின்சாரம் செலவாகிறது. அதனால் நாளைய வடிவமைப்பு, நினைவகத்தையும் சிப்பையும் நெருக்கமாக வைக்கப் பார்க்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கும் இதே வகைச் சிப்புகள்தான். நம்ம ஜொகூரில் எழும்பும் தரவு மையங்களுக்கும் மின்சாரமும் தண்ணீரும் வேணும்.

மின்சாரத்துக்கு அளவு உண்டு. ஆகவே எதை முதலில் கணக்கிடுவது, எதை விடுவது என்பது பொறியியல் கேள்வி மட்டுமல்ல, அறக்கேள்வி. வெள்ளமா, நோயா, விளம்பரமா, ஆயுதமா?

நம்மில் பலர் கணினி படிக்கிறோம். நாளைக்கு அந்தக் கூட்டத்தில் உட்காரும்போது, "எவ்வளவு வேகம்?"னு கேட்கப் பலர் இருப்பாங்க. "யாருக்காக?"ன்னு கேட்கிற ஆள் நாமாக இருப்போம்.