நிர்மாலியம் என்னுஞ் சொல்

நிர்மலம் என்பது மலமின்மை. அதனடியாகப் பிறந்ததெனக் கொள்ளின், நிர்மாலியம் என்னுஞ் சொல் தூய்மை எனப் பொருள்படும். பூமாலையை உணர்த்தும் மாலியம் என்பதன் அடியாகக் கொள்ளின், சூடிக் கழித்த மாலை எனப் பொருள்படும். வடமொழி அகராதிகள் இவ்விரு பொருளையுங் காட்டும். தூய்மையை உணர்த்துஞ் சொல்லே தீண்டலாகாப் பொருளுக்கும் பெயராயது என்னையெனின், கூறுதும்.

இறைவன் அநாதி மலமுத்தன். அவனுக்குச் சாத்திய மலரும் படைத்த அமுதும் அவனாற் குற்றப்படுமாறு யாங்ஙனம்? குற்றம் அப்பொருளின்கண் இல்லை. அதனை 'எனது' எனப் பற்றும் ஆணவத்தையுடைய நம்மாட்டே உளது. தீயும் தூயதே, மடியில் முடிந்துகொண்டாரை அது சுடாது விடுமோ?

ஆகலின், எனதென்பது அற்றவரே அப்பொருளுக்கு உரியராயினர். சேய்ஞலூர் விசாரசருமர் சிவபூசைக்கு இடையூறு செய்த தந்தையின் தாளையும் வெட்டினவர். அவருக்கு இறைவன் தன் பரிகலமும் ஆடையும் மாலையும் உரியவாக்கிச் சண்டீசபதம் அளித்த வரலாறு பெரியபுராணத்துட் காண்க. முதலாம் இராசேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தில் எடுத்த கோயிலில், இறைவன் அவர் முடியில் மாலை சுற்றும் சிற்பம் இன்றும் உளது.

நிர்மாலியம் தேவசுவம், தேவதிரவியம், நைவேத்தியம், நிவேதிதம், சண்டதிரவியம், நிர்மாலியம் என அறுவகைப்படும். இவற்றுள் இறுதியது சண்டேசுரருக்கு நிவேதித்துக் கழித்தது. முதலாவதாகிய தேவசுவமோ கோயிலுக்குரிய ஊரும் நிலமுமாம். சோழர்காலக் கல்வெட்டுக்களிற் கோயில் நிலம் ஆதிசண்டேசுரர் பெயராலேயே விற்கவும் கொள்ளவும் பட்டது. அவரே கோயிற்பொருளுக்குக் காவலர் என்க.

இவ்வறுவகையுள் உலகர் அஞ்சுவது யாதினை? 'சிவன் சொத்து குலநாசம்' என்னும் பழமொழிக்கு அஞ்சித் தமக்கு அளித்த திருநீற்றையுந் தூணிற் கொட்டிச் செல்வார் உளர். அஃது அணிதற்கென்றே அருளப்பட்டது; அங்ஙனங் கொட்டுதல் அறியாமை. தேவசுவத்துக்கு அஞ்சுவாரோ சிலரே. கோயில் நன்செயைக் குத்தகைக்குக் கொண்டு, பல்லாண்டு நெல்லளவாது, பின் அதனைத் தம் பெயரில் எழுதிக்கொண்டாரும் உளரன்றோ? அன்னாரும் சண்டேசுரர் சந்நிதியிற் கைதட்டி, யாதும் கொண்டிலேம் எனக் காட்டுவர். கையில் ஒன்றுமில்லை என்பது மெய்யே. நெல் களஞ்சியத்திலன்றோ இருக்கின்றது!