போர்வையும் போனும்



போன வாரம் ஒரு நாள் பஜ்ருக்குப் பிறகு ஓத உட்கார்ந்தேன். மய்யித்து அறிவிப்பு ஏதும் வந்திருக்கிறதா என்று ஜமாஅத் வாட்ஸ்அப் குழுவைப் பார்க்க போனைத் திறந்தேன். அறிவிப்பு இல்லை. யாரோ அனுப்பிய வீடியோ ஒன்று இருந்தது, தொட்டேன். நிமிர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. குர்ஆன் ரேஹாலில் திறந்தபடியே இருந்தது. மிம்பரில் நின்று உங்களுக்குச் சொல்கிறவனின் நிலை இது.

“போன் வெறும் கருவிதானே ஹஜ்ரத்?” என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கத்தியும் கருவிதான். ஆனால் அடுக்களையில் கிடக்கும் கத்தி நம்மைக் கூப்பிடுவதில்லை. முன்பெல்லாம் இணையப் பக்கத்துக்கு ஒரு முடிவு இருந்தது. அடுத்த பக்கம் வேண்டுமென்றால் நாம்தான் அழுத்த வேண்டும். அந்தக் கணத்தில் ‘போதும்’ என்று எழுந்துவிடலாம். 2006இல் அஸா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் முறையை உருவாக்கினார். பிறகு அதற்காக அவரே வெளிப்படையாக வருந்தினார். அந்தப் பொத்தானோடு, நிய்யத்தைச் சரிபார்க்கும் கணமும் போய்விட்டது. அல்லாஹ் நமக்களித்த இக்தியார் வேலை செய்வது அப்படிப்பட்ட கணங்களில்தான்.

அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஒரு சம்பவம் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் வேலைப்பாடுள்ள ஒரு போர்வையை அணிந்து தொழுதார்கள். அந்த வேலைப்பாட்டின் மீது பார்வை ஒருமுறை போனது. தொழுது முடித்ததும் அதை அபூஜஹ்ம் (ரலி) அவர்களிடம் கொடுத்துவிட்டு, அவரிடமிருந்த சாதாரணப் போர்வையை வாங்கி வரச் சொன்னார்கள். தொழுகையில் கவனத்தைத் திருப்பிவிட்டது என்று காரணமும் சொன்னார்கள்.

அந்தத் துணி ஹராமில்லை. அவர்களுடைய மன உறுதிக்கு முன் நம்முடையது எம்மாத்திரம்! இருந்தும், ‘அடுத்த தடவை கவனமாக இருப்போம்’ என்று அதைத் தோளிலேயே வைத்துக்கொள்ளவில்லை. கழற்றிவிட்டார்கள். நாமோ ஒவ்வொரு ரமலானிலும் தவ்பா செய்துவிட்டு, போனைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குகிறோம்.

துபாயிலிருக்கும் மகனின் முகத்தை உம்மா தினமும் பார்க்கிறார். அது நிஃமத், மறுக்கவில்லை. அந்தப் போர்வையைக்கூட யாரும் எரித்துவிடவில்லையே. உணவு டெலிவரிக்கு ஓடும் பிள்ளைகளுக்கு போன்தான் பிழைப்பு. அவர்களிடம் ‘கழற்றி வை’ என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. நான் சொல்வது அந்தக் கட்டாயம் இல்லாத நம்மைப் பற்றி.

நாலு நாளாக என் போன் இரவில் கூடத்து அலமாரியில் கிடக்கிறது. பஜ்ருக்கு எழுப்புவது பழைய அலாரம் கடிகாரம். இன்று காலையிலும் ஓதிக்கொண்டிருக்கும்போது, கை ஒருமுறை காலிப் பையைத் தடவிப் பார்த்தது.