கூடுதல் குதிரைத்திறனுக்கு யார் பொறுப்பு?

1989இல் சிகாகோ கார் கண்காட்சியில் மாஸ்டா நிறுவனம் மியாட்டாவை அறிமுகப்படுத்தியது. அதன் 1.6 லிட்டர் இன்ஜின் தந்தது 116 குதிரைத்திறன். ஒரு டன் எடைகூட இல்லாத, இருவர் மட்டுமே அமரும் காருக்கு அது போதும் என்று தோஷிஹிகோ ஹிராய் தலைமையிலான குழு முடிவு செய்தது. டர்போ வைக்கத் தெரியாமல் விட்டுவிடவில்லை. அதே நிறுவனத்தின் ஆர்எக்ஸ்-7 காரில் அப்போதே டர்போ இருந்தது. மியாட்டா இன்ஜினுக்கு உறவான இன்ஜின் கொண்ட 323 காரிலும் இருந்தது. ஆனாலும் கார் சாலைக்கு வந்த சில ஆண்டுகளில் அமெரிக்கப் பட்டறைகள் அதற்கு டர்போ பொருத்த ஆரம்பித்துவிட்டன. முப்பது வயதைத் தாண்டிய மியாட்டாக்களுக்கு இன்றும் பொருத்துகிறார்கள்.

அந்த ஆசையை நான் குறைசொல்ல மாட்டேன். எரிபொருளின் வெப்பத்தில் கணிசமான பங்கு சைலன்சர் வழியாக வீணாய்ப் போகிறது. அந்தப் புகையாலேயே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரத்தால் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளலாம் என்று சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூக்கி 1905இலேயே காப்புரிமை பெற்றார். அதுதான் டர்போ. வளிமண்டல அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. அதற்கு மேல் இன்னொரு 7 பிஎஸ்ஐ கொடுத்தால், கணக்குப்படி ஏறக்குறைய பாதிப் பங்கு காற்று கூடுதலாகக் கிடைக்கும். அதற்கேற்ற பெட்ரோலையும் சேர்த்தால் சின்ன இன்ஜின் பெரிய இன்ஜினாக நடந்துகொள்ளும்.

ஆனால் அமுக்கிய காற்று சூடாகும். அந்தச் சூட்டோடு உள்ளே போனதை பிஸ்டன் மறுபடியும் அமுக்குகிறது. ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ பரவி முடிப்பதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடித்தால் அதுதான் நாக்கிங். 1975இல் போர்ஷே தன் 911 டர்போவை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, இதற்குப் பயந்தே, பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற சுருக்க விகிதத்தை 6.5 அளவுக்கு இறக்கியிருந்தது. பழைய மியாட்டாவில் அது 9.4. நாக்கிங்கை உணர்ந்து எச்சரிக்கும் சென்சாரும் அந்த 1.6 இன்ஜினில் கிடையாது. அதனால் நன்றாகச் செய்பவர்கள் காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர் வைக்கிறார்கள், பெரிய இன்ஜெக்டர் போடுகிறார்கள், பற்றவைக்கும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். பிறகு பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் சிந்தியதுபோல் கரும்புள்ளிகள், நடுவே பளபளக்கும் நுண்ணிய மணிகள் தெரிந்தால் இன்ஜினை உடனே நிறுத்த வேண்டியதுதான். அந்த மணிகள் பிஸ்டனிலிருந்து உருகி வந்த அலுமினியம்.

டர்போவுக்கு ஆயில் போய்த் திரும்பவும் வழி வேண்டும். அதற்காக ஆயில் சம்ப்பில் துளை போட வேண்டும். கழற்றாமலே துளைப்பவர்கள் டிரில்லின் முனையில் கிரீஸ் தடவி, தூள் உள்ளே விழாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு துணுக்கு தப்பினாலும் பேரிங்குக்கு ஆபத்து. அங்கே காட்டும் பொறுமை வெளியே யாருக்கும் தெரியாது. குதிரைத்திறன் எண் மட்டும்தான் வெளியே தெரியும்.

என் கவலை இந்த வேலையைச் செய்பவரைப் பற்றியதல்ல, அடுத்து அந்தக் காரை வாங்குபவரைப் பற்றியது. 1962இல் ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் கொண்டுவந்த ஜெட்ஃபயர் கார் இதற்குச் சரியான உதாரணம். 3.5 லிட்டர் அலுமினிய வி8, டர்போவோடு 215 குதிரைத்திறன். சுருக்க விகிதத்தைக் குறைக்காமல் 10.25 என்றே வைத்துவிட்டு, நாக்கிங்கைத் தடுக்க மெத்தனாலும் காய்ச்சி வடித்த நீரும் கலந்த திரவத்தைப் பீய்ச்சும் ஏற்பாட்டைச் செய்தார்கள். தொட்டி காலியானால் அழுத்தத்தைக் குறைத்து இன்ஜினைக் காக்கும் ஏற்பாடும் இருந்தது. பொறியாளர்கள் எதையும் மறக்கவில்லை. தொட்டியை நிரப்ப மறந்தது உரிமையாளர்கள்தான். இரண்டே ஆண்டுகளில் உற்பத்தி நின்றது. பிறகு டர்போவை எடுத்துவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் வைத்துத் தரும் திட்டத்தை நிறுவனமே கொண்டுவந்தது.

கையேடும் டீலரும் இருந்த காருக்கே அந்த நிலை. யாரோ ஒருவர் தன் வீட்டு ஷெட்டில் மாற்றிய காருக்கு என்ன கையேடு இருக்கிறது? எத்தனை பிஎஸ்ஐ வரை போகலாம், எந்த ஆக்டேன் பெட்ரோல், பிளக் இடைவெளி எவ்வளவு, கிளட்ச் எது, கனெக்டிங் ராட் பழையதா மாற்றியதா என்பதெல்லாம் செய்தவர் தலைக்குள் இருக்கிறது. கார் கை மாறும்போது சாவி போகிறது, இந்த விவரம் போவதில்லை. வாங்கியவர் விலை குறைந்த பெட்ரோலைப் போட்டுக்கொண்டு, கோடை வெயிலில் மலைச்சாலை ஏறுகிறார். பிரேக்கோ இன்னமும் 116 குதிரைத்திறனுக்கு அமைத்த அதே பிரேக்.

அதனால் இந்த வேலையில் இறங்குகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். முதலில் நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் அளந்து, ஒன்றுக்கொன்று ஒத்திருந்தால் மட்டும் மேலே போங்கள். ரேடியேட்டர், பிரேக், கிளட்ச் மூன்றுக்கும் டர்போவுக்கு முன்பே பணம் ஒதுக்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் காயலான் கடைக்குப் போடாமல் பெட்டியில் வையுங்கள். செய்த ஒவ்வொன்றையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். காரை விற்கும் நாளில் அந்தப் பெட்டியும் நோட்டும் சாவியோடு சேர்ந்து போகட்டும்.